போட்டோஸ்டாட் கடை ரெசூமே: 38 விண்ணப்பம், பதில் எங்கே போனது?

"அக்கா, நல்ல ரெசூமே டெம்பிளேட் ஒன்னு இருந்தா அனுப்புங்க, இப்ப இருக்கிறது ராசி இல்ல போல."

2025 மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. அனுப்பியவன் எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) மூன்று வீடு தள்ளி இருந்தவர்களின் மகன். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம், எழுதட்டுமா என்று கேட்டபோது அவனும் அந்த நிபந்தனையில்தான் சரி என்றான். வயது 22. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு இயந்திரப் பராமரிப்பில் எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை வரை படித்தவன். ஜனவரி முதல் 38 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், நேர்காணல் ஒன்றுகூட இல்லை. அவனுடைய முடிவு, டெம்பிளேட் சரியில்லை. அவன் அம்மாவின் முடிவு, சனி பார்வை. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் நான் குலிமில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் எச்.ஆர். கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவள், வருகிற ரெசூமேக்களைப் பிரித்து அடுக்குவதுதான் அங்கே என் வேலை, 38க்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் அழகு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று எங்கோ உடைந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. நாங்கள் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய். பெயரில்தான் செராய் (எலுமிச்சைப்புல்) இருக்கிறது, எங்களுக்குத் தெரிந்து இங்கே இருந்தது பால்மரம் (ரப்பர்), அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை). தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்குக் கண்ணுக்கு எட்டிய வேலை என்றால் குலிம் ஹைடெக் பார்க்தான், 1996ல் திறந்தது, நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டை. விடியற்காலையில் பேக்டரி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆப்பரேட்டர் வேலைக்கு ரெசூமே பெரிதாகத் தேவைப்படாது, வாக்-இன் என்று போர்டு போட்டிருப்பார்கள், ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் சான்றிதழும் கொண்டுபோய்ப் பாரம் நிரப்பினால் முடிந்தது. டெக்னீஷியன், ஸ்டோர் கிராணி, கணக்கு என்று ஒரு படி மேலே போகும்போதுதான் ரெசூமே கேட்பார்கள், அப்போதுதான் எல்லாரும் பசாருக்குப் பக்கத்தில் இருக்கும் போட்டோஸ்டாட் கடைக்கு ஓடுவார்கள்.

தம்பியும் அங்கேதான் போயிருக்கிறான். அடித்துக் கொடுக்கப் பத்து வெள்ளி (ரிங்கிட்).

பழைய கோப்பு

அவன் அனுப்பிய பி.டி.எஃப்.ஐத் திறந்தேன். திறந்த உடனே பிரவுசரின் மேல்பட்டையில் வேறு ஒருவருடைய பெயர். ரெசூமேவுக்குள் தம்பியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, மேலே பட்டையில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இது எப்படி என்றால், வேர்ட் கோப்புக்குள் தலைப்பு, எழுதியவர் என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று குறிப்புகள் இருக்கும், பி.டி.எஃப். ஆக்கும்போது அவையும் கூடவே போகும், பிரவுசர் அந்தத் தலைப்பைத்தான் பட்டையில் காட்டும். கடை அண்ணன் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிப்பதில்லை. முன்னால் வந்தவருடைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, விவரத்தை மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவார். அதில் தப்பு என்று சொல்ல மாட்டேன், பத்து வெள்ளிக்கு வேறென்ன செய்வார். ஆனால் அந்த ஒரே கோப்பு எத்தனை வருடமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

பால்மரத்துப் பட்டையில் இருக்கும் வெட்டுத் தழும்பைப் பார்த்து எத்தனை வருடம் சீவினார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். இந்தக் கோப்பையும் அப்படிப் படிக்கலாம். கல்விப் பகுதியில் பி.எம்.ஆர். (மூன்றாம் படிவத் தேர்வு) என்று ஒரு வரி, அதற்கு எதிரே 2018. பி.எம்.ஆர். தேர்வு 2013ஓடு முடிந்துபோனது, 2014லிருந்து அதற்குப் பதில் பி.டி.3. தம்பி எழுதியதும் பி.டி.3தான், கோப்பில் இருந்த கட்டத்தில் தன் ஆண்டை மட்டும் போட்டுவிட்டான். 2003ல் பிறந்தவன் பி.எம்.ஆர். எழுதியதாகச் சொன்னால், பார்க்கிற எச்.ஆர். ஆளுக்கு எல்லாமே சந்தேகம்தான். எதிர்பார்க்கும் சம்பளம் 1,500 வெள்ளி. அது 2022 மே மாதம் வந்த குறைந்தபட்சச் சம்பளம். 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது 1,700 ஆகிவிட்டது. ஆக, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதைவிட 200 வெள்ளி குறைவாகத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான், மூன்றாம் நிலைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு. பரிந்துரைப்பவர் பகுதியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், பக்கத்தில் ஃபேக்ஸ் எண். அவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா, அது ஏற்கெனவே இருந்துச்சு."

பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல். இவன் வாழ்க்கையில் ஒரு கடிதத்தைக்கூடத் தபாலில் போட்டதில்லை.

இதெல்லாம் சிரிப்புக்கு. இதைப் பார்த்து ஒருவனை ஒதுக்கலாம்தான், ஆனால் 38 பேரும் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள், நாங்களே ஒரு ரெசூமேவுக்கு அரை நிமிஷம் கொடுத்தால் அதிகம். நான் பழைய பழக்கத்தில், ஆளைக் கூப்பிடப் போவது மாதிரி, மேலே இருந்த மின்னஞ்சலைச் சொடுக்கினேன். கடிதம் எழுதும் பெட்டி திறந்தது. பெறுநர் இடத்தில் வந்தது தம்பியின் முகவரி இல்லை.

திரும்ப ரெசூமேவைப் பார்த்தேன். எழுத்தில் இருப்பது தம்பியின் முகவரிதான், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சொடுக்கினால் போவது வேறு ஆளுக்கு. வேர்டில் ஒரு மின்னஞ்சல் முகவரியை அடித்து இடைவெளி விட்டால் அது தானாகவே நீலமாகி இணைப்பாக மாறிவிடும் இல்லையா, அந்த நீல எழுத்தின் மேல் வேறு முகவரியை அடித்தால் மேலே தெரிகிற எழுத்து மட்டும்தான் மாறும், அடியில் இருக்கும் இணைப்பு பழையதாகவே கிடக்கும். வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டுத் தபால் பெட்டியைப் பழைய வீட்டிலேயே விட்டுவந்த கதை. இதைக் கண்டுபிடிக்க மவுஸை முகவரியின் மேல் கொண்டுபோய் ஒரு வினாடி நிறுத்தினால் போதும், உண்மையான முகவரி சின்னப் பெட்டியில் தெரியும். சரிசெய்ய, வலது சொடுக்கில் இணைப்பை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக விட்டால் முடிந்தது.

அந்த முகவரி யாருடையது என்று கடை அண்ணனிடம் கேட்டோம். பார்த்த உடனே, "அட, இது பக்கத்துத் தோட்டத்துப் பையன்லா, இப்ப ஜொகூர்ல லோரி ஓட்டறான்" என்றார். எண் வாங்கிக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், அந்த மின்னஞ்சலைத் திறந்தே மாதக்கணக்காகிறது என்றார், ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுத் தேடிப் பார்த்துத் திரை நகல் அனுப்பினார். இரண்டு நேர்காணல் அழைப்பு. ஒன்று பிப்ரவரியில் வந்தது, குறித்த தேதி போய் ஐந்து வாரமாகிறது. இன்னொன்று ஐந்து வேலைநாளுக்குள் பதில் போடச் சொன்னது, அதுவும் போய்விட்டது. ஒன்றை அவர் அப்போதே பார்த்திருக்கிறார், தெரியாத பெயரைப் போட்டு வேலை தருகிறேன் என்று வந்ததால் ஏமாற்றுக்காரன் வேலை என்று விட்டுவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியுமா?

தம்பி அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

மிச்சம் 36

இந்த இணைப்புக் கதையைச் சொன்னால் எல்லாரும், ஓ அதுதான் காரணமா என்று முடித்துவிடுவார்கள். அது 38ல் இரண்டுக்குத்தான் கணக்கு. மற்றதையும் பார்க்க வேண்டும் என்று அவன் போன் வரலாற்றையும் விண்ணப்பம் போட்ட இடங்களையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம், அவன் அம்மா போட்ட தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது.

போனில் 04ல் தொடங்கும் எண்களிலிருந்து மூன்று அழைப்பு, மூன்றையும் இவன் வெட்டிவிட்டிருந்தான். "ஸ்கேமர்னு நெனச்சேன்கா." இப்போது யார்தான் தெரியாத எண்ணை எடுக்கிறார்கள், வங்கி என்பான், போலீஸ் என்பான், பார்சல் என்பான். ஆனால் 04 என்பது நம்ம பினாங்கு, கெடா பக்கத்து எண், குலிமில் இருக்கும் ஒரு அலுவலகம் மேசை போனிலிருந்து கூப்பிட்டால் அப்படித்தான் வரும். வேலை தேடுகிற காலத்தில் மட்டுமாவது எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்து ஐ.சி. எண்ணோ வங்கி விவரமோ கேட்டால் அப்போது வெட்டலாம். அந்த மூன்றில் எது வேலைக்கான அழைப்பு என்று இனிமேல் தெரியப்போவதில்லை.

விண்ணப்பம் போட்ட இடங்களில் ஒன்பது டிப்ளோமா கேட்டவை, விளம்பரத்தை முழுதாகப் படிக்காமல் போட்டது. ஏழு இடம் கிடங்கு, கணக்கு, கடை மேற்பார்வை, இவன் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஜாப்ஸ்ட்ரீட் என்ற வேலை தேடும் தளத்தில் இவன் கணக்கு 2021ல் திறந்தது, உள்ளே எஸ்.பி.எம். மட்டும்தான் இருந்தது, எஸ்.கே.எம். வாங்கியதைச் சேர்க்கவே இல்லை, அதாவது கோப்பு ஒன்று சொல்கிறது, பக்கம் வேறொன்று சொல்கிறது. பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்துகிற மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலைத் தளத்தின் பக்கம் போனதே இல்லை, அது இலவசம் என்றுகூடத் தெரியாது. ஆக டெம்பிளேட்டின் பேரில் பழி போட்டுவிட்டுப் போகிற மாதிரி இல்லை நிலைமை.

கறுப்புப் பட்டை

நான் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு மறுவாரம் போனால், தம்பி புதிதாக ஒன்றைச் செய்து வைத்திருந்தான். கேன்வாவில் எடுத்தது. இடப்பக்கம் கறுப்புப் பட்டை, அதில் வட்டத்துக்குள் அவன் படம், கீழே திறமைகள், ஒவ்வொன்றுக்கும் கோடு. மைக்ரோசாஃப்ட் எக்செல்லுக்கு முக்கால் கோடு. தலைமைத்துவத்துக்கு முழுக்கோடு. "வேற லெவல்ல இருக்குக்கா." பார்க்க உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவனுக்கு வாயால் விளக்கினால் ஏறாது என்று ஒரு சோதனை செய்தோம். பி.டி.எஃப்.ஐத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டு. ஒட்டியதில் முதலில் வந்தது "தலைமைத்துவம்". அப்புறம் அவன் தொலைபேசி எண்ணில் பாதி. அப்புறம் பயிற்சிக் கழகத்தின் பெயர், அதன் வாலில் "தமிழ், மலாய், ஆங்கிலம்". அவன் பெயர் கடைசியில் வந்தது. முக்கால் கோடும் முழுக்கோடும் காணவே காணோம், அவை படம்தானே, எழுத்தா? பெரிய நிறுவனங்களின் தளத்தில் ரெசூமேவைப் பதிவேற்றினால் அங்கே இருக்கும் மென்பொருள் கோப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்துத்தான் பெயர், படிப்பு, வேலை என்று கட்டங்களில் போடப் பார்க்கும், அது படிப்பது கிட்டத்தட்ட இந்த நோட்பேடில் வந்ததைத்தான். கேன்வாவில் இறக்கும்போது தட்டையாக்கு என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்திவிட்டால் இன்னும் மோசம், முழுப் பக்கமும் ஒரே படமாகிவிடும், ஒட்டிப் பார்த்தால் ஒன்றுமே வராது. அன்றைக்கே ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் ஏற்றிக் காட்டினேன். முந்தைய முதலாளி என்ற கட்டத்தில் "தமிழ், மலாய், ஆங்கிலம்" என்று போய் உட்கார்ந்தது. அப்போதுதான் சிரித்தான்.

எல்லா இடத்திலும் மென்பொருள்தான் படிக்கிறது என்று பயமுறுத்துபவர்களும் உண்டு, அதுவும் சரியில்லை. லூனாஸ் பக்கம் ஒரு வொர்க்ஷாப் தவ்கே (முதலாளி) ரெசூமேவைப் போனில்தான் பார்ப்பார், வாட்ஸ்அப்பில் வந்ததை விரலால் பெரிதாக்கி. இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம் போன் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் மென்பொருளும் இல்லை, போனும் இல்லை, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து மேனேஜர் மேசையில் அடுக்க வேண்டும். கறுப்புப் பட்டை வைத்த ரெசூமே வரும் நாளில் டோனர் குறையும், கறுப்பின் மேல் இருக்கும் வெள்ளை எழுத்து பாதி அழிந்திருக்கும், அந்தப் பட்டையில்தான் போன் எண்ணும் இருக்கும். எத்தனை பேரைக் கூப்பிட முடியாமல் விட்டோம் என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்படியென்றால் எதை எடுப்பது? தேடிப் பார்த்ததில் இன்னொரு கூத்து தெரிந்தது. தமிழிலோ இந்திய ஆங்கிலத்திலோ தேடினால் வருவது இந்திய பயோடேட்டா: அப்பா பெயர், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கடைசியில் மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன் என்று கையெழுத்து. சொந்தோ ரெசூமே (ரெசூமே மாதிரி) என்று மலாயில் போட்டால் பாதிக்குமேல் இந்தோனேசியாவுடையது வந்து நிற்கும், தம்பியின் கூட்டாளி ஒருவன் தாஃப்தார் ரிவாயாட் ஹிடுப் என்ற தலைப்போடு கெடா முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தான், நம் ஊரில் அப்படி யாரும் போடுவதில்லை. அமெரிக்க மாதிரியில் தாள் அளவே வேறு, லெட்டர் என்பார்கள், நம் ஏ4ஐவிட அகலம் கொஞ்சம் கூடுதல், உயரம் குறைவு, கடையில் அச்செடுத்தால் ஓரம் வெட்டுப்படும் அல்லது கீழே வெள்ளையாக நிற்கும். ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு யூரோபாஸ் என்று தனியே ஒன்று இருக்கிறது, பாடாங் செராய்க்கு அது எதற்கு. அப்புறம் இன்னொரு வகைத் தளம், இலவசம் என்று சொல்லி ஒரு மணி நேரம் எல்லா விவரத்தையும் அடிக்க வைத்துவிட்டு, இறக்கும் பொத்தானை அழுத்தும்போது கார்டு எண் கேட்கும், சோதனைக் காலம் என்று சின்னக் காசு எடுத்துவிட்டு மாதாமாதம் பெரிய காசு எடுக்கும். தம்பியின் கூட்டாளிகளில் ஒருவன் அதிலும் மாட்டியிருக்கிறான்.

வேர்டிலேயே புதிய கோப்பு என்று போய்த் தேடினால் ரெசூமே மாதிரிகள் இருக்கின்றன. கூகுள் டாக்ஸில் சுவிஸ், செரிஃப், கோரல், ஸ்பியர்மிண்ட் என்று பெயர் வைத்து நாலைந்து இருக்கின்றன, காசு வேண்டாம், போனிலேயே திறக்கும். இரண்டு நாள் அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நாங்கள் திறந்தது வெறும் பக்கம். ஏ4, ஒரே பத்தி, பெயர் மேலே, போன், மின்னஞ்சல், ஊர். கட்டம் இல்லை, கோடு இல்லை. மாதிரியை எதற்குப் பார்க்க வேண்டுமோ அதற்குப் பார்த்தாயிற்று, என்னென்ன தலைப்பு வரும், எது முதலில் வரும் என்று. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

சும்மா இருந்தவன்

வெறும் பக்கத்தைத் திறந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது, எழுத ஒன்றும் இல்லை என்றான். பழைய ரெசூமேவில் வேலை அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது, அதற்குமேல் குறிக்கோள் என்று சவாலான பொறுப்பு, புகழ்பெற்ற நிறுவனம் என்று ஒரு நீள வாக்கியம், அந்த வாக்கியத்தை ஏழு வருடத்தில் எத்தனை நூறு தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"எஸ்.கே.எம். முடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே, என்ன செஞ்ச?"

"சும்மாதான் இருந்தேன்."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா குரல் வந்தது. "சும்மாவா? தோட்டத்து மெஷினெல்லாம் நம்ம வாசல்லதானே கெடக்குது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து எழுப்புறானுங்க. சும்மாவாம்."

கேட்டுக் கேட்டு வாங்கினேன், பல் பிடுங்குவது மாதிரி. செம்பனைத் தோட்டத்தில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகைக்காரரிடம் ஆறு புல்வெட்டும் இயந்திரமும், குலை ஏற்றும் மோட்டார் தள்ளுவண்டி இரண்டும் இருக்கின்றன. பதினாலு மாதமாக அவற்றைப் பார்த்துக்கொள்வது இவன். கார்பரேட்டர் கழுவுவது, பிளக் மாற்றுவது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்து வைப்பது, பிளேடைச் சுழற்றும் தண்டில் கிரீஸ் அடிப்பது. முன்பெல்லாம் உடைந்த பிறகுதான் கொண்டுவருவார்களாம், இவன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எந்த இயந்திரம் எத்தனை நாள் ஓடியது என்று எழுதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு இரண்டாகக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தான். அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். பள்ளிக்கூட நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, தேதி, இயந்திரத்தின் எண், மாற்றிய பாகம், விலை.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. விளம்பரங்களில் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், அதாவது உடையும் முன்பே பார்த்துப் பராமரிப்பது, என்று கேட்கிறார்கள் இல்லையா, இது அதேதான், எண்ணெய்க் கறையோடு. சம்பளச் சீட்டு இல்லை, ஈ.பி.எஃப். இல்லை, கையில் காசு, அதனால் இவன் மனதில் இது வேலையே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் பார்க்கும் வேலை வேலைக் கணக்கில் வராது. மாதிரி ரெசூமேவில் இதற்கு ஒரு கட்டம் இருக்காது, கட்டம் இல்லாததால் எழுதவும் தோன்றாது.

எழுதினோம். "பகுதிநேர இயந்திரப் பராமரிப்பு, செம்பனைத் தோட்டக் குத்தகைக்காரரிடம், பாடாங் செராய், 14 மாதம். ஆறு புல்வெட்டி, இரண்டு மோட்டார் தள்ளுவண்டி. வாராந்திரச் சோதனை, பதிவேடு, உதிரிபாகம் வாங்குதல்." ரெசூமேவில் இது ஆங்கிலத்தில் போனது, மலாயில் ஒரு பிரதியும் செய்தோம், பன்னாட்டு நிறுவனத்துக்கு ஒன்று, உள்ளூர் வொர்க்ஷாப்புக்கு ஒன்று. பி.எல்.சி. (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பற்றி என்ன போடுவது என்று கேட்டான், வகுப்பில் தொட்டதோடு சரி. வகுப்பில் பயிற்சி என்றே போட்டோம், நேர்காணலில் ஒரு கேள்வியில் தெரிந்துபோகிற விஷயத்தில் விளையாட வேண்டாம். தெரியாத ஆசிரியரை எடுத்துவிட்டுக் குத்தகைக்காரரையே பரிந்துரைப்பவராகப் போடலாமா என்று கேட்கப் போனால் அவர், "தாராளமா போடு, கூப்பிட்டா நான் எடுப்பேன், உன்ன மாதிரி வெட்ட மாட்டேன்" என்றார். லயம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

ஐ.சி. எண்ணை எடுத்தோம். பழைய கோப்பில் பெயருக்கு அடுத்தே அதுதான் இருந்தது. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரிந்துவிடும். 38 பேரிடம் அதைக் கொடுத்துவைத்திருந்தான், அதில் எத்தனை பேர் உண்மையான நிறுவனம் என்று யாருக்குத் தெரியும். வேலை உறுதியானால் அவர்களே பாரத்தில் கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். மதம், இனம், உயரம், எடை, அப்பாவின் தொழில் எல்லாம் போயிற்று. படம் வேண்டாம் என்றேன், வேண்டும் என்றான், இங்கே விளம்பரத்திலேயே படம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று நாலைக் காட்டினான். சரி, கேட்கிற இடத்துக்கு மட்டும் என்று முடிவானது. சம்பளத்தை எழுதவில்லை. கோப்பின் பெயர் "ரெசூமே நியூ லேட்டஸ்ட் 2" என்று இருந்ததை அவன் பெயருக்கு மாற்றினோம். உள்ளே இருந்த எழுதியவர் பெயரையும்தான்.

அதற்குப் பிறகு

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை 12 இடத்துக்குத்தான் போட்டான், ஒவ்வொன்றிலும் விளம்பரத்தை முழுதாகப் படித்து, அவர்கள் பயன்படுத்தும் சொல் நம்மிடம் உண்மையிலேயே இருந்தால் அதே சொல்லில் எழுதி. நாலு பதில், இரண்டு நேர்காணல். ஒன்றில் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினான், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் பத்து நிமிஷம் அதையே புரட்டிக்கொண்டிருந்தாராம். அங்கேதான் வேலை கிடைத்தது, ஒரு வருட ஒப்பந்தம், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவும் பகலும் மாறி மாறி. ரெசூமேவால்தான் கிடைத்தது என்று நான் எழுத மாட்டேன். போனை எடுத்தது, பொருந்தாத வேலைக்குப் போடாமல் விட்டது, ஜாப்ஸ்ட்ரீட் பக்கத்தைச் சரிசெய்தது எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அம்மா சனிப்பெயர்ச்சி என்கிறார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோஸ்டாட் கடை அண்ணனிடம் பழைய கோப்பை அழித்துவிடச் சொல்லி, தலைப்புகள் மட்டும் உள்ள வெற்றுக் கோப்பு ஒன்றைச் செய்து கொடுத்தேன். நன்றி என்று வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டில் லயத்து அக்கா ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணக்கியல் டிப்ளோமா முடித்தவள், கிராணி வேலை தேடுகிறாள், இரண்டு மாதமாகப் பதில் இல்லை. ரெசூமேவை வாங்கினேன். ஒரே பத்தி, ஏ4, கறுப்புப் பட்டை இல்லை, ஐ.சி. எண் இல்லை. பரவாயில்லையே என்று கீழே வந்தால், வேலை அனுபவத்தில் ஆறு புல்வெட்டி, இரண்டு மோட்டார் தள்ளுவண்டி.

"இது என்னம்மா?"

"கடைல அண்ணன், இது வேலை வாங்கிக் கொடுத்த ரெசூமே, ராசியானது, எதையும் ரொம்ப மாத்தாதன்னு சொன்னாருக்கா."

மேலே போய் மின்னஞ்சலைச் சொடுக்கினேன். தம்பியின் முகவரி திறந்தது.